ஷெஸ்வான் சிக்கனும் ஒரு கிண்ணம் தண்ணியும்

கல்யாணமாகி ஒன்பது வருஷமா, நான் மீன் குழம்பு வெக்கற அன்னிக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர் தட்டு பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி இருக்கும். மீன் துண்ட அதுல முக்கி, குழம்பக் கழுவிட்டுத்தான் சாப்பிடுவாரு.

"உங்க கடலூர் காரம் எங்க புவனகிரி வயித்துக்கு ஆவாது"ம்பாரு.

இன்னிக்கு மதியம் அண்ணாமலை நகர்ல புதுசா தொறந்த சைனீஸ் ஹோட்டலுக்குப் போனோம். ஷெஸ்வான் சிக்கன் வந்துச்சு. செக்கச்செவேல்னு, மேல காஞ்ச மொளகா மெதக்குது.

மனுஷனுக்கு மூக்கு ஒழுகுது, கண்ணு கலங்குது. ஆனா நிறுத்தல.

"ஏங்க, காரம் ஜாஸ்தியா இருந்தா வெச்சிடுங்களேன்"னேன்.

"சும்மா இரு. இதான் ருசி"ன்னாரு.

அதோட விட்டாரா? சமையல் மாஸ்டர வெளிய கூப்பிட்டு, கையக் குலுக்கி, "காரம்னா இப்படி இருக்கணும் மாஸ்டர்"னு சொல்றாரு. ஒன்பது வருஷத்துல என் கைய ஒரு தடவ குலுக்கியிருப்பாரா?

நானும் அதேதான் சாப்பிட்டேன். எனக்கு நாக்குல ஒண்ணுமே ஒறைக்கல. வயிறு மட்டும் எரிஞ்சுது.

கடைசியா, கை கழுவ எலுமிச்சம்பழம் போட்ட வெந்நி கிண்ணம் வந்துச்சு. தட்டுல இன்னும் ஒரு துண்டு இருந்துது. அதையாவது இதுல முக்குவாரான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

துண்ட அப்படியே வாயில போட்டுக்கிட்டு, வெரல மட்டும் கழுவுனாரு.

நாளைக்கு சங்கரா மீன் வாங்கியாறேன்னு சொல்லியிருக்காரு. வீட்டுக் கிண்ணத்த எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். நான் பண்ணது தப்புன்னு நெனைக்கறவங்க நாளைக்கு சாப்பிட வாங்க. தண்ணி மட்டும் நீங்களே கொண்டாந்துடுங்க.