உள்ளிருந்து பூட்டிய வீடு

தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்தும் பூட்டுக்காரருக்குத் திருப்தி வராது. நான்கு படி இறங்கியவர் மறுபடி ஏறிப் போய் இன்னொரு தடவை இழுப்பார். ஊரார் பூட்டையெல்லாம் ஒரு வளைந்த கம்பியால் திறந்துவிடும் மனிதர். எந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்ததுதான் வினை.

மருந்துக்கடைச் சுவரோரம் ஒரு மர மேசை, சாவி வெட்டும் இயந்திரம், இரண்டு அரம். கடை என்பது அவ்வளவே. கண்ணுக்குத் தடித்த கண்ணாடி வந்துவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. சாவி நுழைகிற ஓசையை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "சும்மா திருப்புங்கம்மா, அதுவே சொல்லும்" என்பார்.

பெரியவர்கள் கண்ணை மூடிய வீடுகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் மடிப்புக் கலையாத துணியும் ஒருநாளும் போர்த்தாத கம்பளியும் கண்ணில் பட்டுவிடும். "பூட்டுனது ஒரு கை, அள்ளுறது வேற கை" என்று முனகியபடி வெளியே வருவார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனின் உயிர் அன்றைக்கே போன கதையை வேதாகமத்திலிருந்து எடுத்துச் சொல்வார். ஊருக்கு உபதேசம் சொல்வதில் குறைச்சல் இல்லை.

தன் வரைக்கும் அவர் பிடித்துக்கொண்டிருந்தது எறும்பை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதம் வாசிப்பவர் அவர்தான். கோடையிலேயே தீனி சேர்க்கும் எறும்பைப் பற்றிய பகுதி வந்தால் குரல் கணீரென்று ஏறும். தம்பிக்கும் அதையே ஓதுவார். தம்பி சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். வேலை இருக்கிற வாரம் ராஜா, இல்லாத வாரம் அண்ணன் வீடு. ஆத்திர அவசரத்துக்கு ஆகட்டும் என்று வீட்டுச் சாவிக்கு நகல் வெட்டிக் கொடுத்ததும் அண்ணன்தான். கைமாற்று கேட்பது அடிக்கடி ஆனபோது, "எறும்பப் பாத்தாவது கத்துக்கடா. நானோ தனிக்கட்டை. முடியாம விழுந்தா என்னை யாரு பாப்பா?" என்றார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கதவுப் பூட்டை மாற்றினார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு மதியம். தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். பூட்டில் ஒரு சாவி நுழைந்தது. தான் வெட்டிய சாவி, கேட்டதுமே தெரிந்துவிட்டது. சாவி திரும்பவில்லை. வெளியே போய் மறுபடி நுழைந்தது. மூன்றாவது முறை மெதுவாக. "அண்ணே?" என்றது குரல். இன்றைக்கும் கேட்கத்தான் வந்திருப்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடி படியிறங்கிப் போயிற்று. பாவி மனிதர், எழுந்து போய்த் திறந்திருக்கலாம்.

மறுநாள் தம்பி மனைவி கடைக்கு வந்து சொன்னாள். "கேக்க வரல மாமா. நெரந்தர வேலை கெடச்சிருக்குன்னு சொல்ல வந்தாரு. அண்ணன்கூட உக்காந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுன்னு கறி வேற வாங்கிட்டு வந்தாரு. நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னு அவருக்குத் தெரியும். செருப்பு வாசல்ல கெடந்துச்சாம்."

தம்பி அதற்குப் பிறகு வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. பூட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது தன் சாவியை உட்புறம் பூட்டிலேயே செருகி வைக்கத் தொடங்கினார். அது அங்கே இருந்தால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் நுழையாது. அந்த ஓசை கேட்காது.

சகோதரனின் குறைச்சலைக் கண்டும் தன் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனிடம் தேவ அன்பு எப்படி நிலைக்கும் என்று கேட்கும் வசனம் ஒரு ஞாயிறு அவர் பங்குக்கு வந்தது. பாதியில் நின்றுவிட்டார். மீதியைப் போதகர் வாசித்து முடித்தார்.

போன வாரம் புதுப் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி, விளிம்பை அரத்தால் நெடுநேரம் தேய்த்து, தம்பி மனைவியிடம் கொடுத்தார். "தட்ட வேணாம்னு சொல்லும்மா. அவனே தொறந்துட்டு வரட்டும்."

"குடுக்குறேன் மாமா. வருவாருன்னு என்னால சொல்ல முடியாது."

இந்த ஞாயிறு ஆலயத்திலிருந்து வந்தவர் வழக்கம்போல உள்ளிருந்து பூட்டினார். சோற்றை இறக்கி, இரண்டு தட்டு எடுத்து வைத்தார். உட்காரப் போனவர் எழுந்து கதவருகே போனார். பூட்டில் செருகியிருந்த தன் சாவியை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.