பெட்டியில் எழுதிய பெயர்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோவிலில் ஞாயிறு பூசை தொடங்கி, குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு எழும்பியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று பின்னாலிருந்து குரல் வரும். நான் அவள் தொடையில் கிள்ளுவேன். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் கிள்ளினேன்.

குவைத்திலிருந்த கணவரிடம் போனில் அழுதேன். அவர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மகள் ஒரு முழுப் பூசை அமைதியாக உட்கார வேண்டும், அதற்குக் கோவிலுக்குப் புது ஸ்பீக்கர். வேண்டியது நடந்த பிறகு காணிக்கை செலுத்துவதுதான் வழக்கம். அவருக்குப் பொறுமை ஏது, முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆள் உயரப் பெட்டி. அதில் ‘உபயம்’ என்று போட்டு மகளின் பெயரை எழுதித் தூணில் மாட்டினார்கள். உபயதாரர் என்ற மரியாதையில் எங்களுக்கு முன்வரிசை, பெட்டிக்கு நேர் கீழே.

அலறிக்கொண்டிருந்தவள் இப்போது தலையைத் தூணில் முட்டிக்கொண்டாள். வேண்டுதல் போதவில்லை என்று நினைத்தோம். மறு வருஷம் இன்னொரு பெட்டி வந்தது. அதன் பிறகு நான் அவளோடு வாசலுக்கு வெளியே நின்றே பூசை கண்டேன். இந்தப் பிள்ளை எப்படிப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் என்ற கவலையிலேயே என் ஜெபமெல்லாம் போயிற்று.

மின்வெட்டுக் காலம் அது. ஒரு ஞாயிறு பூசை ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது. சாமியார் வெறும் வாயால் பாடினார். மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். என்னை விட்டுவிட்டு உள்ளே நடந்துபோய், முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்தேன், அவள் தலைக்கு மேல் அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன். சாமிக்குச் செய்கிறோம் என்று என் பிள்ளைக்கு இதையா செய்தோம்? அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நன்மை கொடுக்கும் நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டி கீச்சிட்டது. அவள் கை காதுக்குப் போவதற்குள் நான் ஓடிப்போய் மைக்செட் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மணியடிக்கும் பெரியவர் பதறி வந்தார். “என்னம்மா பண்றீங்க? கோவிலுக்கு உபயமா குடுத்தது, கை வைக்காதீங்க.”

“யாரு பேரு எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. அவளாலதான் தாங்க முடியல” என்றேன்.

சாமியார் மகளைப் பார்த்தார். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். முடிவில், இனி ஞாயிறு காலைப் பூசைக்கு மைக் கிடையாது என்று அறிவித்தார். மகள் அதுவரை எழுந்திருக்கவேயில்லை.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். “ஏங்க, இன்னிக்கு முழுப் பூசையும் உக்காந்திருந்தா” என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

“பாத்தியா, நம்ம ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தது வீண்போகல” என்றார்.