பெரியம்மாவுக்குக் கேட்கக் கூடாத இருமல்

மாமி தண்ணீர் குடிக்கும் பேணிக்கு அடியில் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சில் ஒரு பொட்டு இருந்தது. வீட்டில் எல்லாப் பேணிகளும் ஒரே மாதிரி இருந்ததால் மாமியுடையது மாறிவிடக் கூடாதென்று மாமா வைத்த அடையாளம் அது. சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒரு பொட்டு, கரண்டியிலும் ஒரு பொட்டு. மாமி சாப்பிட்டு முடித்ததும் அவற்றைத் தனியாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அப்படி ஒரு சுத்தம்! கழுவிய கையோடு வந்து மாமி படுத்திருந்த அறை யன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியும் போட்டுவிடுவார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. குருநகரில் சொந்த வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்பவர். மாமி கோயில் பாடற்குழுவில் முன்வரிசை. பெரிய வெள்ளிக்கிழமை அவர் பாடினால் ஒலிபெருக்கி தேவையில்லை. அவர்களுக்கு ஒரே மகள், என் மச்சாள். அந்த வருடம் அவளுக்கு ஒரு கனடா மாப்பிள்ளையோடு எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்திருந்தது. விசா வந்ததும் அவள் அங்கே போக, அங்கேயே கோயிலில் தாலி கட்டுவதென்று ஏற்பாடு. அந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் இருந்தது மாமா வீட்டுக்கு அடுத்த வீடு. குருநகரில் அடுத்த வீடென்றால் தெரியும்தானே, இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள்.

மாரி தொடங்கியபோது வந்த இருமல், மாரி முடிந்தும் மாமியை விடவில்லை. பின்னேரமானால் காய்ச்சல், விடியப்புறம் உடுப்பு நனைய வியர்வை. சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. இது என்ன வருத்தம், என்ன நோய் என்று மாமாவுக்கு முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தப் பொட்டுகள் எதற்கு? ஆனால் காசநோயைக் குறிக்கிற ‘கசம்’ என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மாமா பட்டினத்துப் பார்மசியில் இருமல் பாணி வாங்கி வந்தார். அது முடிய இன்னொன்று வாங்கி வந்தார். மாமிக்கு மூட்டு வருத்தம், அதுதான் கோயிலுக்கு வருவதில்லை என்று ஊருக்குச் சொன்னார். அடுத்த வீட்டுக்குக் கேட்காமலிருக்க யன்னலைச் சாத்தி, ரேடியோவையும் சத்தமாகப் போட்டுவிட்டார்.

அந்தப் பூட்டிய அறைக்குள் மச்சாள்தான் தாய்க்குத் துணை. நெஞ்சுக்குத் தைலம் தேய்ப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாள். பின்னேரங்களில் தாயும் மகளுமாகச் செபமாலை சொல்வார்கள். மாமிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தால் மெல்லிய குரலில் ஒரு பாட்டும் பாடுவார், மகளும் கூடப் பாடுவாள். தண்ணீர் குடிக்க மட்டும் அவளுக்கு வேறு பேணி. மாமா அதில் கண்டிப்பு!

ஒருநாள் மாமியின் சேலைத் தலைப்பில் இரத்தம் இருந்ததைக் கண்டேன். மாமா கடலிலிருந்து இன்னும் வரவில்லை. ஓட்டோவைப் பிடித்து மாமியை ஏற்றிக்கொண்டு நேரே நெஞ்சு நோய்க் கிளினிக்குக்குப் போனேன். சளியைப் பரிசோதித்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அங்கிருந்த டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

“பிள்ளை, இது காத்திலை பரவுற வருத்தம். இருமேக்கை, கதைக்கேக்கை, பாடேக்கை கிருமி வெளியிலை வரும். பூட்டின அறையெண்டால் அங்கையே நிக்கும். பேணி, கோப்பையாலை தொத்தாது. முதல்லை போய் யன்னலைத் திறந்துவிடுங்கோ. ஆறு மாசம் ஒரு நாளும் விடாமல் குளிசை போடவேணும். ஒழுங்காப் போட்டால் ரெண்டு மூண்டு கிழமையிலை மற்றவைக்குத் தொத்திறதும் அநேகமா நிண்டுடும். வீட்டிலை இருக்கிற எல்லாரையும் சோதிக்கவேணும், கூட்டிக்கொண்டு வாங்கோ.” பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “வேளைக்கு வந்திருக்கலாம்” என்றார்.

வந்து ஒன்று விடாமல் மாமாவிடம் சொன்னேன். யன்னலையும் நானே திறந்தேன். அவர் எழும்பிப் போய்த் திரும்பச் சாத்தினார்.

“உனக்கென்ன பிள்ளை, டொக்டர் சொல்லுவா. பெரியம்மாவின்ரை காதைப் பற்றி டொக்டருக்குத் தெரியுமே? கசம் பிடிச்ச வீட்டிலை ஆர் பொம்பிளை எடுப்பினம்?”

என்ன மனிதரப்பா! நான் கத்தினேன். என் அம்மாவைக் கூட்டி வந்து கதைக்க வைத்தேன். “தம்பி, உனக்கென்ன விசரே?” என்று அம்மா கேட்டதற்கு, “அக்கா, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணள்ளிப் போடாதேங்கோ” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

மாமி குளிசைகளை ஒழுங்காகப் போட்டார். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதைக்கூட எனக்குச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு வாழ ஆசை இருந்தது. “கட்டுநாயக்கா மட்டும் போய் உவளைப் பிளேனிலை ஏத்திவிட்டுட்டு வந்தால் எனக்குக் காணும் மோனை” என்பார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சுவாசப்பை ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில், ஒரு காலைநேரம், வாயால் இரத்தம் கொட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அப்போதும் அந்த அறை யன்னல் சாத்தித்தான் இருந்தது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று மாமா எல்லாருக்கும் சொன்னார். அடுத்த வீட்டுப் பெரியம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதார்.

வீட்டுக்காரரைச் சோதிக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, மாமா வாசல் படலையைத் திறக்கவேயில்லை. “உங்களுக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்” என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் திரும்பத் திரும்ப வந்தார். மாமாவும் திரும்பத் திரும்ப அனுப்பினார். மச்சாளிடம் நான் மன்றாடினேன். “அப்பா ஏசுவார்” என்பதுதான் அவளுடைய மறுமொழி.

ஆனால் விசா கொடுக்கிற கனடாக்காரன் படலையில் நின்று திரும்பிப் போகிற ஆளில்லை. விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, அதில் நெஞ்சுப் படம். மச்சாளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். சில நாளில் திரும்பக் கூப்பிட்டுச் சளி கேட்டார்கள். அதில் கிருமி இருந்தது. எந்தச் சம்பந்தம் குழம்பக் கூடாதென்று மாமா அந்த யன்னலைச் சாத்தினாரோ, அந்தச் சம்பந்தத்துக்குப் போக வேண்டியவளின் நெஞ்சுக்குள்ளேயே கசத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். விசா நின்றது. “எல்லாம் தாயாலை வந்த வினை” என்று மாமா தலையில் அடித்தார். செத்த பிறகும் பழி மாமிக்குத்தான். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

விசா ஏன் சுணங்குகிறதென்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை நாளைக்குப் பொய் சொல்வது? ஒரு பின்னேரம் மச்சாள் முன்விறாந்தையில் இருந்து அவருக்குப் போன் எடுத்தாள். பக்கத்தில் நான். மாமா வாசற்படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மச்சாள் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள். தாய்க்கு உண்மையில் என்ன வருத்தம் என்பதையும் சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்கும் மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“உதுக்கே அழுறீர்? குளிசை போட்டால் மாறுற வருத்தம்தானே. நாங்கள் கொழும்பிலை நிக்கேக்கை என்ரை அம்மாவுக்கும் வந்தது. பெரியம்மாதான் பக்கத்திலை நிண்டு ஆறு மாசமும் குளிசை குடுத்தவ. அம்மா இப்ப இஞ்சை கல்லுமாதிரி இருக்கிறா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன், நீர் மாத்திக்கொண்டு வாரும்.”

மச்சாள் கண்ணைத் துடைத்தாள். தகப்பனை ஒருமுறை பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, வாசற்படிப் பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ. அப்பாவுக்குக் கேக்கட்டும்.”

மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆறுதலுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, ஒன்று விடாமல் திரும்பச் சொன்னார்.