கடைசி வரியில் இருந்த கட்டணம்

ஆடித் தபசுக்கு மறுநாள். சங்கரன்கோவிலில் என் விசைத்தறியில் நெய்த துண்டுகள் முதன்முறையாகக் கப்பலேறி மலேசியா சேர்ந்திருந்தன. வாங்கியவர் அங்கே கடை வைத்திருக்கும் சிவகிரிக்காரம்மா. சரக்கு கைக்கு வரும்வரை அவருக்கு ஒரு செலவும் இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

“அண்ணாச்சி, இங்கன துறைமுகத்துல டாகுமெண்ட் ஃபீ கேக்காங்க. கட்டுனாத்தான் சரக்கை விடுவாங்களாம்” என்றார் போனில்.

“கப்பல் கூலி பூராவும் நான் கட்டியாச்சு. புதுசா கதை விடுதீயளோ?” என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சண்டையை எழுத நாட்குறிப்பைப் புரட்டினேன். கப்பல் ஏஜெண்ட் தந்த விலைப்பட்டியல் அதில் ஒட்டியிருந்தது. வந்த தேதியும் நேரமும் என் கையெழுத்தில். கடைசி வரியைத்தான் நான் படித்ததே இல்லை: சரக்கு இறங்கும் துறைமுகத்தில் ஆவணங்களைச் சரிபார்த்து விடுவிக்கும் கட்டணம் தனி, அதைச் சரக்கைப் பெறுபவரே கட்ட வேண்டும்.

முதல் வெளிநாட்டு ஆர்டரை என் வாயே கெடுத்துவிட்டது. மறுநாள்தான் அழைக்கத் துணிந்தேன்.

“தப்பு என் மேலதாம்மா. அந்த ஃபீயை நான் தந்துருதேன்.”

“நேத்தே கட்டிட்டேன் அண்ணாச்சி. சரக்கும் கடைக்கு வந்துட்டு. துண்டு அருமை. அடுத்த லோடுல கழிச்சுக்கிடுதேன். இனிமே சத்தம் போடுததுக்கு முன்னால காயிதத்தைப் படிங்க” என்று சிரித்தார்.

‘அடுத்த லோடு’ என்று அன்றைய பக்கத்தில் எழுதி, அடிக்கோடிட்டேன். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசி வரியைப் படித்த பிறகே தேதி போடுகிறேன்.