கேட்வே வாசலில் அத்தையின் கூவல்

போன மே மாதம் உறவுக்காரக் கல்யாணத்துக்காக மும்பை போயிருந்தோம், நானும் கணவரும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார். ஏலப்பாறை பக்கம் தேயிலை எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றதால், கல்யாணம் முடிந்த மறுநாளே கேட்வே ஆஃப் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டோம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய கல் வளைவு. அதற்குப் பின்னால் கடல், படகுகள். அத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். என் கணவர் செல்ஃபி எடுக்கிறேன் பேர்வழி என்று பின்னாலேயே நகர, நானும் கூடவே நகர்ந்தேன். படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அத்தையைக் காணவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய போன் என் பையில் இருந்தது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. கணவர் படகுத்துறைக்கு ஓடினார். நான் வளைவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர்ப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது: "ஊஊ...ய்!"

எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்தில் பறிக்கிற ஆள்கூடத் தெரியாது. தனியாக மாட்டிக்கொண்டவர் நகராமல் நின்று கூவ வேண்டும். காதில் விழுந்தவர்கள் பதிலுக்குக் கூவிக்கொண்டே தேடிப் போவார்கள். அதுதான் வழக்கம்.

வெட்கமாவது ஒன்றாவது என்று அடிவயிற்றிலிருந்து கூவினேன். போலீஸ்காரர் முறைத்தார். உடனே பதில் வந்தது. கூவிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து போனால், பலூன் விற்பவர் பக்கத்தில் அத்தை, இடுப்பில் கைவைத்தபடி. கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன்.

"எதுக்கு அழுவுத? நான் நின்ன எடத்துலதான நிக்கேன். நீங்கதான் காணாமப் போயிட்டிய."

சுற்றியிருந்த கல்லூரிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர்களும் கூவ ஆரம்பித்தார்கள். அத்தைக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. தொண்டையிலிருந்து இல்லை, வயிற்றிலிருந்து கூவுங்கள் என்று சைகையிலேயே பாடம் எடுத்தார். மூச்சிரைக்க ஓடிவந்த கணவர், இத்தனை கூவலில் எது அம்மாவுடையது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார். அத்தையோடு சேர்ந்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போதெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும்போது, அங்கும் இங்கும் ஓடாமல் அப்படியே நின்று, வெட்கப்படாமல் யாரையாவது கூப்பிட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் வராமல் இருந்ததில்லை.