வீட்டில் இரண்டு பேர்

உயர்தர வகுப்பில் நான் சமூகவியல் படித்தது ஒரு வருடமும் சில மாதங்களும்தான். பிறகு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தேன். படித்ததில் எனக்கு நன்றாக வந்த பாடம் சமூக அடுக்கமைவு. யார் மேலே, யார் கீழே என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஓரறை வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளவத்தையில் நான் படித்த தனியார் வகுப்பில் கடற்கரைப் பக்கத்து மாடிவீடு ஒன்றை என் வீடாகச் சொல்லியிருந்தேன். அது மாமாவின் வீடு. வகுப்புக் கட்டணமும் அவர்தான் கட்டினார். ஆகவே பாதிப் பொய்தான் என்று வைத்துக்கொண்டேன்.

கள ஆய்வுக்கு ஆசிரியை ஜிந்துப்பிட்டியையே தேர்ந்தெடுத்தார். இருவர் இருவராகப் போய்ப் பத்து வீடுகளில் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். என் கூட்டாளியை எங்கள் சந்துக்குத் தூரமாகவே நடத்திக் கூட்டிப் போனேன். ஒன்பது வீடு முடிந்தது. பத்தாவதுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி, அவன் கடைசியில் எங்கள் சந்துக்கே வந்து சேர்ந்தான்.

"இதுக்குள்ள பாப்பம் மச்சான். ஏன் பின்னுக்கு நிக்கிறாய், நாய் கடிச்சிடுமே?"

உச்சி வெயிலில் சந்தில் ஆளில்லை. திறந்திருந்தது ஒரே கதவு. கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பத்துக்காக மா அரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், நான் தாளுக்குள் குனிந்ததைக் கண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க."

அவன் கேட்கக் கேட்க நான் எழுதினேன். வீட்டுக்காரர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். அறை ஒன்று. கொடியில் என் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"வீட்டில எத்தனை பேர் இருக்கிறீங்கள், அன்ரி?"

அம்மா கையிலிருந்த மாவைத் தட்டினார். "ரெண்டு பேருதான். நானும் அவரும். எழுதிக்குங்க."

இரண்டு என்று எழுதினேன்.

அவனிடம் சீனி எவ்வளவு என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். எனக்குக் கேட்காமலே அரைக் கரண்டி போட்டார். அதை அவன் கவனித்துவிடுவானோ என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே பயம். அவன் கவனிக்கவில்லை.

பின்னேரம் வெற்றியோடு வீட்டுக்குப் போனேன்.

"நல்லா சமாளிச்சீங்கம்மா."

அம்மா சோற்றைப் போட்டுத் தட்டை என் முன்னால் வைத்தார். "ரெண்டு பேருன்னு சொன்னது சரிதானே?"

ஆய்வு பிழையாகிவிடுமோ என்று கவலைப்படுகிறார் என நினைத்தேன். பத்து வீட்டில் ஓர் ஆள் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது என்று, சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு விளக்கமாகச் சொன்னேன்.