நெஞ்செலும்பு கூடும்வரை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை நலம் விசாரிப்பதுதான் என் வேலை. அன்பினால் விசாரிப்பதில்லை, சம்பளத்துக்கு விசாரிப்பது. இதய அறுவை முடிந்தவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறது. பேகம்பேட்டில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்காகப் போனில் கேள்வி கேட்பேன். மாடி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா, தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடிகிறதா, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள். பதில் என்னவாக இருந்தாலும் "சரிங்க" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். ஐயோ என்றும் சொல்லக் கூடாது, அப்பாடா என்றும் சொல்லக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று லோத்குண்டாவில் எங்கள் அபார்ட்மெண்ட் முழுக்கப் பெயரெடுத்தவள் நான். எனக்குப் போய் இந்த வேலை.

கேள்விகளில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. "மற்றவர்களுக்குத் தெரியாத எதையாவது பார்த்தீர்களா, கேட்டீர்களா?" மயக்க மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டு ஐசியூவில் இருப்பவர்களுக்கு எதை எதையோ காட்டும். ஒருவர் கட்டிலைச் சுற்றி ஆட்டு மந்தை மேய்ந்ததைப் பார்த்தார். இன்னொருவரை மானிட்டர் பெட்டிக்குள்ளிருந்து மாமியார் முறைத்தார். அது மருந்தின் வேலையா மாமியாரின் வேலையா என்று ஆய்வில் கேட்க இடமில்லை. இதெல்லாம் சில நாளில் தெளிந்துவிடும் என்று ஆய்வை நடத்தும் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் நிம்மதியாக இருந்தேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும்தான் உண்டு.

தெலுங்கும் இந்தியும் புழங்குகிற இந்த ஊரில் தமிழ் பேசும் நோயாளி என்றால் என்னிடம் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் அந்த அம்மா வந்தார். கோவில்பட்டிப் பக்கம். கணவர் இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனும் இப்போது அங்கேதான். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வீடு. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியதும் போய்ப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, பெரிய குங்குமப் பொட்டு. எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுக வந்தாக தாயி," என்றார். "கால்மாட்டுல நின்னாக. இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டை. ஒண்ணும் பேசல, பாத்துக்கிட்டே நின்னாக."

"எப்பம்மா?"

"நேத்து மத்தியானம். நர்சம்மா எனக்கு வாயை நனைச்சு விட்டுட்டுப் போன பொறவு."

கணவர் வந்து பார்த்ததை மாயத்தோற்றக் கணக்கில் எழுத முடியாது. அதனால் வெளியே நின்ற மகனிடம், அப்பா நேற்று மத்தியானம் உள்ளே வந்தாரா என்று கேட்டேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவனுக்கு. என் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா இல்ல மேடம். நேத்து மார்னிங் ஹாஸ்பிடல் வர்றதுக்கு ரெடி ஆனார். ஷூ போட உக்காந்தார், அப்படியே... இங்கதான் கொண்டுவந்தோம். ஆல்ரெடி போய்ட்டார்னு சொல்லிட்டாங்க. அம்மாக்கு சொல்றது நக்கோ மேடம், வேணாம், ப்ளீஸ்."

நான் "சரிங்க" என்றேன். பழக்கம். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். அப்பா என்ன சட்டை போட்டிருந்தார்?

"ஒயிட். கைக்கு மேடம்?"

கைக்கு என்றால் இந்த ஊர் இந்தியில் ஏன். ஏன் கேட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் மறைக்கச் சொல்லி சர்ஜன் கொடுத்திருந்த காரணம் எளிமையானது. நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, பிறகு கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதயமும் பலவீனம். எலும்பு கூடும்வரையாவது அதிர்ச்சி எதுவும் வேண்டாம். ஊரில் வீட்டு வரி விஷயமாகப் போன இடத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல், சளி, கிட்டே வந்தால் உனக்குத் தொற்றிக்கொள்ளும் என்று பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போய்க் காரியத்தையும் முடித்துவிட்டு வந்தார்கள். நம்முடைய வேலை கேட்பது, சொல்வது அல்ல என்று எங்கள் டாக்டரும் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். கேட்பதிலேயே ஒரு வார்த்தை தவறி விழுந்து அந்த அம்மாவின் இதயம் நின்றுபோனால்? வீட்டில் துணைக்கு யார் என்பது என் தாளில் இருந்த கேள்வி. ஒவ்வொரு முறை அந்த எண்ணை அழுத்தும்போதும் என் நெஞ்சுதான் முதலில் அடித்துக்கொண்டது.

ஆனால் அந்த அம்மா தேறினார். அதுவும் எப்படி! என் பட்டியலில் இருந்த எந்த இளவட்டமும் அப்படித் தேறவில்லை. தூக்கம் நன்றாக இருந்தது, பசி எடுத்தது, மாடிப்படி ஏறினார். ஒரே ஒரு பதில் மட்டும் மாறவில்லை.

"வருதாக தாயி. மத்தியானம் வருவாக. செத்த நேரம் உக்காந்திருந்துட்டுப் போவாக."

ஐசியூ மயக்கம் இத்தனை நாள் நீடிக்காது. நான் தயங்கித் தயங்கி, "அவர் ஊர்லல்லம்மா இருக்கார்?" என்றேன்.

"ஆமா, ஊர்லதான் இருக்காக. தெனம் போன் பண்ணுதாகளே."

இரண்டையும் ஒரே குரலில், பால்காரன் வந்தான் என்பதுபோலச் சொன்னார். இறந்தவர் ஒருவர் தினம் வீட்டுக்கும் வருகிறார், தினம் போனும் செய்கிறார். ரிசீவரை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரியிடம் சும்மாவாவது பேச்சுக் கொடுத்தேன். அவள் தெலுங்கில் என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.

நேரில் போய் நடக்கவைத்துப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. குவார்ட்டர்ஸுக்குப் போனபோது வெயில் சுள்ளென்று இருந்தது. மகள் கதவைத் திறந்தாள். அம்மாவுக்குத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள் போல, கையில் மல்லிகைச் சரம். இறந்துபோனவரின் மனைவிக்கு, அது தெரிந்த மகள் தினமும் பூவும் பொட்டும் வைத்துவிடுகிறாள். நான் அந்தச் சரத்தைப் பார்க்காததுபோல் உள்ளே போனேன்.

ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரப் போனேன்.

"அதுல வேண்டாம் தாயி. இங்கிட்டுக் கட்டில்ல உக்காரு."

வெறும் நாற்காலிதான். இருந்தாலும் அதற்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்துகொண்டேன்.

வராந்தாவில் நடக்கவைத்தேன். மூச்சு வாங்கவில்லை, தடுமாற்றமில்லை. ஆனால் அகலமான இடமிருந்தும் அவர் ஒரு சுவரை ஒட்டியே நடந்தார். திரும்பும்போது கொஞ்சம் நின்று, யாருக்கோ வழிவிட்டுப் பிறகு திரும்பினார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடை சீராக உள்ளது என்று எழுதினேன்.

அதுவரை சோபாவில் இருந்த மகன் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் அம்மாவிடம் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அவர் தமிழில் கேட்பார், அவன் "ஹவ் அம்மா", "டாப்லெட் லே லியே?" என்று இந்தியில் பதில் சொல்வான். இப்போதும் "அபி ஆத்தூம்" என்று, இதோ வந்துவிடுகிறேன் என்ற பொருளில், சொல்லிவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் கட்டில்மேல் இருந்த போன் அடித்தது. திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரின் படம். கையை உயர்த்தினால் நெஞ்சு இழுக்கிறது என்று அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? எனக்கு இன்னும் சளி விடல பாத்துக்கோ. நீ வெயில்ல போகாத, என்னா?"

வயதான குரல். சுத்தமான கோவில்பட்டிப் பேச்சு. பேச்சுக்கு நடுவே நெஞ்சுச் சளி கரகரக்கும் இருமல். அந்த அம்மா, "நீங்க சாப்பிட்டியளா? ரசம் வச்சுத் தந்தாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் சொன்னது பொய், மனிதர் உயிரோடுதான் இருக்கிறார் என்றுகூட நினைத்துவிட்டேன். அப்போது இன்னொரு தடவை இருமல் கேட்டது. முதலில் தலைக்கு மேலே மொட்டைமாடியிலிருந்து கேட்டது. பிறகுதான் போனில் கேட்டது.

தினமும் அந்த நேரத்துக்கு மகன் மாடி ஏறி, அப்பாவின் போனிலிருந்து, அப்பாவாக, அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தான். தனக்கென்று ஒருபோதும் பேசாத தமிழை எங்கிருந்து எடுத்தானோ. கீழே அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். செருப்பைத் தெருவில் வந்துதான் மாட்டினேன்.

வாரங்கள் போயின. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு கூடிவிட்டது, இதயமும் தேவலை. இனிச் சொல்லலாம் என்றார் சர்ஜன். ஞாயிற்றுக்கிழமை நெருங்கிய சொந்தங்களை வரவழைத்துச் சொல்லப்போவதாக மகன் எனக்குப் போன் செய்தான். அழுகிற குரலில் பேசினான். அதற்கு முன்னால் என் கடைசிப் பரிசோதனைக்காக நான் இன்னொரு முறை போகவேண்டியிருந்தது.

மகள் அடுப்படியில் இருந்தாள். மகன் அப்போதுதான் வெளியே போனதாகச் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அறையில் நானும் அந்த அம்மாவும்தான் இருந்தோம்.

"நாயித்துக்கெழம எல்லாரும் வாராகளாம்," என்றார். "என்னத்தச் சொல்லப் போறாகன்னு எனக்குத் தெரியும் தாயி. அவுக செத்துப்போனாகன்னு சொல்லப் போறாக."

எனக்கு வாயடைத்துப்போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

"என்னயப் பாக்க எம்புட்டுப் பேர் வந்தாக! அம்புட்டுப் பேரும் சிரிச்ச மொகம். ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டு இல்ல. பிள்ளைக அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கு. ஆனா போகையில ஒருத்தராவது போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போகணும்ல? எந்திரிச்சு வாசலப் பாக்க நடந்துட்டாக. நீயுந்தான் தாயி."

சாவு வீட்டில் யாரும் விடைபெற்றுக்கொள்வதில்லை. வருகிறேன் என்று அங்கே சொல்லக் கூடாது. துக்கம் கேட்க வழியில்லாமல் நோயாளியைப் பார்க்கிற சாக்கில் வந்தவர்கள், அழாதே என்றால் அழாமல் இருந்தார்கள், பேசாதே என்றால் பேசாமல் இருந்தார்கள். ஆனால் கிளம்புகிற நேரத்தில் பிறந்ததிலிருந்து ஊறிய வழக்கம் அவர்களை எழுப்பி நடத்திவிட்டது. இந்த ஊரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது. பிறகு எப்படி அதை மட்டும் மறைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள்?

"அதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார். "ஐசியூல வந்து நின்னாகன்னு சொன்னேன்ல. கடைக்குப் போறதுன்னாக்கூட வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு கத்திட்டுப் போற மனுசன். அன்னைக்கு அவுகளும் சொல்லாமத்தான் போனாக."

பட்டப்பகல். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அப்பவே பிள்ளைங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா போன் நின்னுரும்ல. எம்புள்ள எங்கூட இப்படித் தமிழ் பேசுனதே கெடையாது. நான் என்ன கேட்டாலும் இந்தியில ரெண்டு வார்த்தை. இப்பத்தான் சாப்பிட்டியா, தூங்குனியான்னு வாய் நெறையக் கேக்கான்." மேலே கூரையைப் பார்த்தார். "அவனும் அழ வேண்டாமா தாயி? எம்புட்டு நாளைக்கு இருமிக்கிட்டே இருப்பான்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, என் கேள்வித் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "இப்பவும் அவர் வர்றாராம்மா?"

"ஒன்னக் கண்டா எந்திரிச்சுப் போயிருதாக. வெளியாளுன்னா கூச்சம்."

நான் நாற்காலி இருந்த பக்கமே திரும்பவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். ஏதோ யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோல் அவர் குரல் தாழ்ந்தது. "இருமுனாக்கூடத் தலகாணிய நெஞ்சுல அணைச்சுக்கிட்டு இருமச் சொன்னாக. எலும்பு விட்டுக்கிடும்னு பயந்து நான் ஒரு நாளும் அழல. இப்ப சத்தம்போட்டு அழலாமா? தாங்குமா?"

கேட்பது மட்டும்தான் என் வேலை. பதில் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

"எலும்பு கூடிருச்சும்மா. அழலாம்."

அவர் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போன் அடித்தது. திரையில் வெள்ளைச் சட்டைக்காரர். அந்த அம்மா விரலால் தொட்டார்.

"என்னா, சாப்பிட்டியா?" என்றது அந்த வயதான குரல்.

"சாப்பிட்டேன்யா," என்றார். "ராசா, மாடில வெயில் கொளுத்தும். போதும்யா. கீழ எறங்கி வா."

போனில் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. அப்புறம் மாடிப்படியில் செருப்பில்லாத கால்கள் ஓடிவரும் ஓசை கேட்டது. மகன் வாசலில் வந்து நின்றான். போனைக் காதிலிருந்து எடுக்க மறந்திருந்தான். "அம்மா" என்றான். கட்டில்மேல் இருந்த போனும் ஒரு நொடி கழித்து "அம்மா" என்றது. அந்த அம்மா தலையணையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.